பிரமிடுக்கு நவம்பரில்தான் போக வேண்டும்

மம்சாபுரம்,
ஜூன் 9.

அன்புள்ள மாப்பிள்ளை சுபேதார் பென்சனுக்கு,

மம்சாபுரத்திலிருந்து உன் அத்தான் தேவநேசன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்று எழுதிவிட்டேனே தவிர, உன் அக்கா செலினாவின் கண் மட்டும் ஒன்றரை மாதமாகச் சிவந்தே கிடக்கிறது. கேட்டால் வெங்காயம் உரித்தேன் என்கிறாள். காப்பி போடுவதற்கும் வெங்காயமா என்று கேட்டேன். ராஜஸ்தான் வெயிலில் உன் சுகத்துக்காகவும் உன் முழங்காலுக்காகவும் தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக நான் கூப்பிட்டால் நீ "அத்தான், சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாய், நான் "சாப்பிட்டேன்" என்கிறேன், உடனே சிக்னல் போய்விடுகிறது. பாலைவனத்தில் சிக்னல் கிடைக்காது என்று நீ சொல்வதை நம்புகிறேன். போன வருஷம் இதே பாலைவனத்திலிருந்துதான் ஒரு கிரிக்கெட் மேட்சைப் பந்து பந்தாக எனக்கு நேரடி வர்ணனை செய்தாய் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். ஆகவே தபால். நடுவில் யாரும் கட் பண்ண முடியாது.

விஷயம் உனக்குப் புதிதல்ல. நான் எகிப்துக்குப் போய்ப் பிரமிடு பார்க்க வேண்டும். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை மதுரை, திருச்சி, நாகர்கோவில் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி நாற்பது வருஷம் விற்றவன் நான். "உங்க துணி ரெண்டு நாளைக்கே நூல் பிரியுதே சார்" என்று எத்தனை ஸ்டோர் கீப்பர்கள் என் முகத்துக்கு நேரே சாம்பிளை ஆட்டியிருக்கிறார்கள்! அங்கே ஒருத்தன் ஆயிரக்கணக்கான வருஷமாகப் போட்ட கட்டைப் பிரிக்காமல் படுத்திருக்கிறான். அந்தத் துணியையும், அப்படிப்பட்ட ராஜாக்களுக்குக் கட்டின கல்மலையையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரிட்டயர் ஆன நாளிலிருந்து சொல்லி வருகிறேன். அதற்கு உன் அக்கா இத்தனை காலமும் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். "செத்தவனப் பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்? ஞாயித்துக்கெழம கல்லறைத் தோட்டத்துக்கு வாங்க, ஒங்க அப்பா தலைமாட்டுல புல்லு புடுங்கணும்."

ராஜபாளையத்தில் புனிதப் பயணம் கூட்டிப்போகிற ஒரு ஏஜென்டிடமும் போய் விசாரித்தேன். ஐம்பது பேர், எல்லார் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி, கூடவே சமையல்காரர், மூன்று வேளையும் சாம்பார், பிரமிடு முன்னால் கொஞ்ச நேரம், அப்புறம் விசில் அடிப்பார்களாம், ஓடி வந்து பஸ்ஸில் ஏற வேண்டுமாம். ஆயுசு முழுக்கக் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த டூர் ப்ரோக்ராம்படி பஸ் ஏறினவன் நான், மாப்பிள்ளை. இந்த ஒரு பயணமாவது நானே டிக்கெட் எடுத்து, நானே ரூம் போட்டு, நானே வழி தப்பி, நானே விசாரித்துப் போய்ச் சேர வேண்டும். "தனியாப் போனா பாஷை தெரியாதே சார்" என்று பயமுறுத்தினார் ஏஜென்ட். நாகர்கோவில் ஸ்டோர் கீப்பர் பேசுகிற தமிழ் எனக்குப் புரியவே மூன்று வருஷம் ஆனது, அதையே சமாளித்தவன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சேத்தூரில் இசக்கிமுத்து என்று ஒருவன், வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன், எனக்கு அரபி சொல்லிக்கொடுக்கிறான். வேண்டாம், போதும், விலை அதிகம், போலீஸைக் கூப்பிடுவேன் என்ற நாலு வாக்கியமும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. "அண்ணாச்சி, ஒட்டகத்துல ஏத்தி விடுறதுக்கு ஒரு ரேட்டு, எறக்கி விடுறதுக்கு ஒரு ரேட்டு. ஏறுறதுக்கு முந்தியே எறக்குற ரேட்டப் பேசிருங்க, இல்லாட்டி அங்கனயே ஒக்காந்துருக்க வேண்டியதுதான்" என்று அவன் சொன்ன யோசனை எந்த ஏஜென்டுக்குத் தெரியும்?

இவ்வளவும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் எனக்கு வயிற்றுவலி வந்து மதுரையில் காட்டினோம் அல்லவா, அங்கேதான் எல்லாம் தலைகீழானது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, செலினாவையும் மகன் கிளாட்வினையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வயிறு என்னுடையது, விவரம் அவர்களுக்கு. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, குடல் புண்தான், பயப்பட ஒன்றும் இல்லை, மாத்திரையில் சரியாகிவிடும் என்றான் உன் மருமகன். சரி என்று நானும் எழுந்தேன். மதுரையிலிருந்து திரும்பி வரும்போது கார் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் உன் அக்கா வாயைத் திறந்தாள். "ஏங்க, அந்தப் பிரமிடு பிரமிடுன்னு சொல்லுவீங்களே, போய்ட்டு வந்துருவமா?" என்றாள். குற்றாலத்துக்குக் கூப்பிட்டாலே வீட்டைப் பூட்டிவிட்டு வர மனசில்லை என்பவள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றால் பால்கோவாக் கடைப் பக்கம் என் மூக்கு திரும்புவதற்குள் முழங்கையால் விலாவில் இடிப்பவள் அவள். அன்றைக்கு அவளே காரை நிறுத்தச் சொல்லி, அவளே இறங்கிப் போய் ஒரு கிலோ வாங்கி வந்து என் மடியில் வைத்தாள். "டாக்டர் எது வேணும்னாலும் சாப்பிடலாம்னு சொல்லிட்டாரு" என்றாள். எந்த டாக்டரும் எந்தச் சர்க்கரைக்காரனுக்கும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதிலிருந்து தினமும் ஆட்டுக்கால் சூப், ஈரல், விரால் மீன் குழம்பு என்று கல்யாண வீடு மாதிரி சமையல். நாலு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை, அது வேறு விஷயம். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. பயணத்துக்காகத் தினமும் நடக்கிறேன், உடம்பு இளைத்திருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னால், பாராட்ட வேண்டாமா? எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். திரும்பவும் வெங்காயம்.

பக்கத்து வீட்டு மொக்கைச்சாமியை உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சாண் மண்ணுக்காக அவனும் நானும் வருஷக்கணக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் தேய்த்த செருப்புக்குக் கணக்கில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு, அக்கம்பக்கத்தில் சாட்சி வேண்டும் என்று நேராக அவன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். தொலைந்தது பாஸ்போர்ட் என்று நினைத்தேன். மொக்கைச்சாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து, "அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் இந்தத் தெருவுல கெடையாதுங்கய்யா" என்று சொல்லித் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஏட்டு அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இவருக்குத்தானே விசாரணை? ஆளு நல்லாத்தானே நிக்காரு?" என்றார். போனது போகட்டும் என்றால், மறுநாள் காலையில் கொத்தனாரோடு வந்து நிற்கிறான். "மதில இடிச்சு ஒங்க எடத்த ஒங்களுக்கே விட்டுருதேன் அண்ணாச்சி. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க" என்றான். எனக்கு வந்ததே கோபம்! நான் ஜெயிக்கப்போகிற கேஸை இவன் யார் விட்டுக்கொடுக்க? கடப்பாரையைப் பிடுங்கி எங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன். சண்டை போட ஒருத்தனாவது மிச்சம் இருக்க வேண்டாமா, மாப்பிள்ளை?

பிரமிடுக்குள் குனிந்தபடியே மேலே ஏற வேண்டுமாம். அதற்குப் பழக்கம் வேண்டும் என்று நம்மூர்ப் பெருமாள் கோயில் குன்று திருவண்ணாமலையில் படி ஏறிப் பார்க்கப் போனேன். பாதிப் படியில் வயிற்றில் கேஸ் பிடித்துக்கொண்டு மூச்சு அடைத்தது. உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே மொக்கைச்சாமி, கையில் தண்ணீர் பாட்டிலும் விசிறியுமாக! "பெருமாளக் கும்பிட வந்தேன் அண்ணாச்சி" என்றான். பெருமாளுக்கு எதற்குடா பனையோலை விசிறி என்று கேட்டேன். "அக்காதான் அனுப்பிச்சாக. செத்த நேரம் இப்படியே இருங்க, பொறவு மெல்ல எறங்குவோம்" என்றான். என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தான். கோர்ட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர் கைகோத்து இறங்கிவந்ததைப் பார்த்து, தேவநேசன் பெருமாளிடம் சேர்ந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. சபைக்குத் தெரிந்து, போதகர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவர் கண்டிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் ஒரு நீண்ட பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இஸ்ரவேல் ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த தேசத்துக்குக் காசு கொடுத்துப் போகிறீரே என்று அவர் கேலி செய்வார் என்றும் எதிர்பார்த்தேன். அவரோ என் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். பயணத்துக்கான ஜெபம் என்றால் விமானம், பாஸ்போர்ட், நல்ல ரூம் என்று ஏதாவது வர வேண்டும் அல்லவா? ஒன்றும் வரவில்லை. பாதி ஜெபத்தில் நிறுத்திவிட்டார். நானே ஆமென் சொல்லி முடித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவி இவாஞ்சலின் வந்து, "அங்கிள், ஒங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு எது? சும்மாதான் கேக்கேன்" என்றாள். இருபது வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அபசுரமாகப் பாடினவனிடம் இன்றைக்கு என்ன திடீர் விசாரணை? கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. அதற்கு அடுத்த நாள் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் அப்பா பக்கத்தில் கிளாட்வினும் கமிட்டிச் செயலாளரும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். தாத்தாவுக்கு வேலி போடப் போகிறோம் என்றான். எங்கள் அப்பா இருபத்தைந்து வருஷமாக எங்கேயும் எழுந்து போகவில்லையே, இப்போது எதற்கு வேலி?

போட்டோ விஷயத்தைக் கேள். விசாவுக்கு இரண்டு அங்குலப் படம் போதும் என்று நானே விசாரித்து வைத்திருந்தேன். கிளாட்வின் என்னை ராஜபாளையத்தில் பெரிய ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், அவனுடைய கல்யாணக் கோட்டை எனக்கு மாட்டி, லேசாகச் சிரிக்கச் சொல்லி எடுத்தான். விசாவுக்குச் சிரிக்கக் கூடாது என்றேன். "சிரிங்கப்பா, ஒரு தடவ" என்றான். போன வாரம் சூட்கேஸ் எடுக்க பீரோவுக்குப் பின்னால் கையை விட்டால், ஒரு ஆள் உயரத்துக்கு நான்! சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். தேக்குச் சட்டம், கண்ணாடி, மேலே சின்ன பல்பு மாட்ட ஓட்டை வேறு. எகிப்து அரசாங்கத்துக்கு என் முகம் இவ்வளவு பெரிசாக எதற்கு என்று கேட்டேன். உன் அக்கா தட்டைக் கீழே போட்டுவிட்டாள். நல்லவேளையாக எவர்சில்வர்.

பார்க்க வருகிறவர்களுக்கும் குறைவில்லை. பயணம் போகிறவனைப் பார்க்க வருகிறவர்கள் எதற்காக ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, என் காலைத் தடவிக் கொடுத்து, "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்கிறார்கள். கெய்ரோவில் ரூம் வாடகையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றால் எனக்கும் சந்தோஷம்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. எகிப்துக்குப் போக ஏற்ற காலம் நவம்பர். உலகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் நவம்பருக்குத்தான் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் நவம்பர் என்ற வார்த்தையை எடுத்தாலே எல்லார் முகமும் செத்துப்போகிறது.

"அப்பா, நவம்பர்லாம் வேண்டாம்ப்பா. இந்த மாசமே போய்ட்டு வந்துருவோம்" என்கிறான் கிளாட்வின்.

"ஏலே, ஜூன் மாசம் அங்க கல்லுல தோசை சுடலாம்லே."

"கூட்டம் கம்மியா இருக்கும்ப்பா."

"கூட்டம் ஏன் கம்மியா இருக்குன்னு யோசிச்சியாலே?"

உன் அக்கா உள்ளே புகுந்தாள். நவம்பரில் மழை என்றாள். எகிப்தில் ஏது மழை என்றேன். "இங்கன மழை. நனைஞ்சுக்கிட்டா மதுரை ஏர்போர்ட்டுக்குப் போக?" என்றாள். சரி, டிசம்பர் என்றேன். கிறிஸ்துமஸ் என்றாள். சரி, ஜனவரி என்றேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள். இதற்கு நடுவில் கிளாட்வின் ஏர்போர்ட்டில் எனக்கு வீல்சேர் சொல்லி வைக்கப் போகிறானாம், க்யூவில் நிற்க வேண்டாமே என்று. நாற்பது வருஷம் தோளில் பேண்டேஜ் மூட்டை தூக்கினவனை உருட்டிக்கொண்டு போகப் போகிறானாம்! தனியாகப் போகிறேன் என்றால் தனியாகத்தான். செலினா மட்டும் வரலாம். அவளும் வழியில் என்னைத் தடவிக் கொடுக்காமல் வர வேண்டும்.

ஆகையால் நீ ராணுவத்தில் இருக்கிறவன், உன் பேச்சுக்கு வீட்டில் மரியாதை உண்டு. உன் அக்காவையும் மருமகனையும் போனில் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல். நவம்பர்தான், அதில் மாற்றம் இல்லை என்று சொல். பாலைவனத்து வெயில் எப்படி இருக்கும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அங்கே உன் கீழ் இருக்கிற நம் பக்கத்துப் பையன்களுக்கு என் ஸ்தோத்திரம். எல்லையிலும் வீட்டிலும் கர்த்தர் உன்னைக் கண்ணின் மணியாகக் காப்பாராக. முழங்காலுக்குத் தைலம் தேய், ராத்திரி வெறுந்தரையில் படுக்காதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அத்தான்
தேவநேசன்

பி.கு.: மாப்பிள்ளை, மேலே உள்ளது அவ்வளவும் உன் அக்கா வாசித்தது. உனக்குப் போகிற எந்தக் கடிதத்தையும் அவள் ஒரு தடவை வாசிக்காமல் உறையை ஒட்ட விட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் அப்படி எழுதினேன். வாசித்துவிட்டு, "இவிய நவம்பர்லயே நிக்காக" என்று சிரித்தாள். இதை மட்டும் ராஜபாளையம் தபால் ஆபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் எந்த நோய்க்கு டாக்டர் உட்காருவார் என்பது அங்கே வருஷக்கணக்காகச் சரக்கு இறக்கினவனுக்குத் தெரியாதா? லிப்டில் அந்த நம்பரை அமுக்கும்போதே தெரிந்துவிட்டது. பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது என்று அவள் நம்புகிற வரைக்கும்தான் என் முன்னால் அவளால் நடமாட முடிகிறது. ஜூன் என்றதும் நான் உடனே தலையாட்டினால் அவளுக்குப் புரிந்துபோகும். அதனால்தான் நவம்பர் நவம்பர் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நீ போன் பண்ணி என்னைத் திட்டு, ஜூனில்தான் போக வேண்டும் என்று சண்டை போடு. நான் ஒரு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன். விசா வந்துவிட்டது. அவளுக்கும் எனக்கும் இந்த மாதக் கடைசிக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், நானேதான் எடுத்தேன். டிக்கெட் எடுத்த இடத்திலேயே வீல்சேருக்கும் சொல்லிவிட்டேன், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

போனில் அழுதால் எனக்குக் கேட்கும். கிரிக்கெட் பேசு. என்னைப் பார்க்க என்று இப்போது லீவு போட்டு ஓடி வராதே. உன் லீவு அவ்வளவையும் நவம்பருக்கு வைத்துக்கொள். அப்போது உன் அக்காவுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.